நடந்தா கால் மரத்துப்போகுதா? ஸ்பைனல் ஸ்டெனோசிஸா இருக்கலாம்

டெல்டா பக்கம் 50 தாண்டுன நெறைய பேரு சொல்றது இதான், குனிஞ்சு நாத்து நடுறப்ப ஒன்னும் தெரியல, வரப்புல நிமிந்து நாலு எட்டு வச்சா ரெண்டு காலும் கனத்து மரத்துப்போவுது, மதகு கட்டைல உக்காந்தா சரியாயிடுதுன்னு. வயசாக ஆக முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க் தேஞ்சு, எலும்பும் ஜவ்வும் தடிச்சு, முதுகெலும்புக்குள்ள நரம்பு போற பாதை குறுகிடுது, இதான் ஸ்பைனல் ஸ்டெனோசிஸ், பெரும்பாலும் எல்4-எல்5ல, அதாவது இடுப்புக்கிட்ட நாலாவது அஞ்சாவது முதுகெலும்புக்கு நடுவுல. நிமிந்தா இறுக்கும், குனிஞ்சா விடும், அதான் நடக்க முடியாதவரு சைக்கிள் மட்டும் ஜம்முனு மிதிக்கிறாரு.

நடக்குறப்ப வர்ற கால் வலி, உக்காராம குனியாம சும்மா நின்னாலே விட்டுப்போச்சுன்னா அது கால் ரத்தக்குழாய் அடைப்பாவும் இருக்கலாம், சுகர் சிகரெட் உள்ளவங்க அதையும் பாத்துடுங்க.

மொதல்ல பிசியோதான். மல்லாக்கப் படுத்து முழங்கால நெஞ்சோட அணைச்சு கொஞ்ச நேரம் வச்சு விடுங்க, தெனமும். பின்னால வளையுற பயிற்சி வேணாம். வலி மாத்திரைய நீங்களா வாங்கி மாசக்கணக்குல முழுங்காதீங்க, கிட்னிக்கு ஆகாது. முதுகுல போடுற ஸ்டீராய்டு ஊசில வலி கொறஞ்சாலும் கொஞ்ச நாளைக்குத்தான். எம்ஆர்ஐ ரிப்போர்ட்ட பாத்தே பயந்து ஆபரேஷனுக்கு ஓடாதீங்க, எவ்ளோ தூரம் நடக்க முடியுதுங்கிறதுதான் கணக்கு, பல மாசம் பாத்தும் தேறலன்னா நரம்ப அழுத்துற எலும்ப எடுத்து எடம் விடுற லாமினெக்டமி ஆபரேஷன் பத்தி டாக்டர்கிட்ட பேசலாம்.

ஆனா ஒன்னுக்கு அடக்க முடியல இல்ல வரவே இல்ல, உக்கார்ற எடம் மரத்துப்போச்சு, பாதத்த தூக்க முடியலன்னா விடியட்டும்னு இருக்காதீங்க, ராத்திரியோட ராத்திரியா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் மாதிரி பெரியாஸ்பத்திரிக்கு வண்டிய விடுங்க.