இறக்கும் முன் பத்து நிமிடம்

நீரோட்டமானியைக் கடலில் இறக்கும் முன்னும், எடுத்த பின்னும் பத்து நிமிடம் கப்பல் தளத்தில் நிழலில் வைத்து, அதிலுள்ள சென்சார் காட்டும் அழுத்தத்தைப் பதிவு செய்யுங்கள். அதே நேரத்து பாரோமீட்டர் (காற்றழுத்தமானி) அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தனி அழுத்த (absolute) சென்சார் தண்ணீரோடு காற்றின் எடையையும் சேர்த்தே காட்டும். காற்றில் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் சென்சாரின் பிழை. முன், பின் பிழைகள் மாறியிருந்தால் சென்சாரின் அளவு நாளடைவில் விலகியிருக்கிறது. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் தவறினால் ஆழம் ஏறக்குறைய 1 செ.மீ. தவறும். 100 மீட்டர் சென்சாரில் 0.01 சதவீதத் துல்லியம் என்பதே 1 செ.மீ.தான்; இந்தப் பிழையைத் திருத்தாவிட்டால் அந்தத் துல்லியத்துக்கு விலை கொடுத்தது வீண். அப்புறம், பாரோமீட்டர் சென்சாரைவிட 8 மீட்டர் உயரத்தில் இருந்தாலே 1 ஹெக்டோபாஸ்கல் குறைத்துக் காட்டும்.

வெளிக்காற்றோடு இணைக்கும் காற்றுக்குழாய் உள்ள சென்சார் காற்றின் எடையைச் சேர்க்காது; அதற்கு பாரோமீட்டர் தேவையில்லை, காற்றில் அதுவே பூஜ்யம் காட்ட வேண்டும். ஓட்ட வேகம் மட்டும் போதுமென்றால் இந்த வேலையே வேண்டாம்.