வனக்குளியலும் நாட்டு வைத்தியமும்: ஒரு நாள் பயணத்தைக் கெடுக்கும் தவறுகள்

விடிய நாலு மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் வான் ஏறி, சிங்கராஜா மழைக்காட்டில் ஆறு கிலோமீற்றர் நடந்து, களைத்து விழுந்து இரவு வீடு திரும்பினால் அதற்குப் பெயர் மலையேற்றம். வனக்குளியல் என்பது காட்டில் அவசரமில்லாமல் நடந்தும் இருந்தும், பார்த்து, கேட்டு, மணந்து அதில் ஊறுவது. அதற்கு இரண்டு மணித்தியாலத்தில் ஒரு கிலோமீற்றரே அதிகம். பத்து நிமிடம் மெல்ல நடந்து, இருபது நிமிடம் ஒரே இடத்தில் இருங்கள். எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்தால் ஒருவர் இருமுவதே மற்றவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

முதல் தடவைக்குத் தூரக் காடு தேவையே இல்லை. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. தலவத்துகொட தியசரு பூங்காவும் பெத்தகான ஈரநிலப் பூங்காவும் பக்கத்திலேயே இருக்கின்றன. நேரத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஈரநிலத்தில் நிழல் குறைவு, ஒன்பதரைக்குப் பிறகு வெயில் சுடும். நுழைய விடும் முதல் நேரத்திலேயே உள்ளே போய்விட வேண்டும். டெங்கு நுளம்பு அந்தக் காலை வேளையிலும் கடிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை கட்டாயம். நுளம்பு மருந்தை வாகனத்தில் இருக்கும்போதே பூசிவிடுங்கள். மரத்தடியில் நின்று பூசினால் அடுத்த அரை மணித்தியாலத்துக்கு மண்வாசம் எவருக்கும் எட்டாது.

குழுவை அழைத்துப் போகிறவர்கள் வரலாறு சொல்லும்போது இன்னொரு சறுக்கல். வனக்குளியல் நம் முன்னோர் ஐயாயிரம் வருடமாகச் செய்தது என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெயர் ஜப்பானிய வனத்துறை 1982இல் வைத்தது. நம்மிடம் சொல்ல வேறு நல்ல விசயம் இருக்கும்போது இந்தப் புளுகு எதற்கு? மிகிந்தலை மடாலய வைத்தியசாலையின் இடிபாட்டில், ஆள் உருவத்துக்குக் குடைந்த கல் மருந்துத் தொட்டி இன்றும் கிடக்கிறது; நோயாளியை மூலிகை எண்ணெயிலோ கசாயத்திலோ அதில் கிடத்தியிருக்கிறார்கள். ரிட்டிகலையும் உணவட்டுன ருமஸ்ஸலையும் சஞ்சீவி மலைத் துண்டு விழுந்த இடங்கள் என்பது ஐதீகம். அதை ஐதீகமாகவே சொல்லுங்கள், சுவை குறையாது. ஒன்று: இந்தக் கதைகளை நடைக்கு முன்னோ பின்னோ வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பேச்சுத் தொடங்கினால் காதுகள் குருவியை விட்டுவிடும்.

ஆபத்தான பிழை, காட்டை மருந்துக்கடையாக நினைப்பது. வேலியோரம் பூத்துக் கிடக்கும் கார்த்திகைப்பூவின் கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் இந்த நாட்டில் உண்டு. சித்த வைத்தியர்கள் அதை நஞ்சு நீங்கச் சுத்தி செய்த பிறகே மருந்துக்கு எடுப்பார்கள். மரமஞ்சளில் மருந்தாவது தண்டு. தண்டை வெட்டினால் கொடியே போய்விடும். காய்ச்சல் குடிநீருக்கு அதைக் கடையில் வாங்குங்கள். மருந்து பற்றிப் பேச ஒருவரை அழைப்பதென்றால் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவுபெற்றவரா என்று முதலில் கேளுங்கள். சித்த, யூனானி வைத்தியர்களுக்கும் அந்தப் பதிவு உண்டு.

ஈரமான காட்டுக்குப் போனால் அட்டை வரும். உப்புப் போட்டாலோ நெருப்பு வைத்தாலோ அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். மெல்லிய முனை ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தை நுழைத்துத் தள்ளி, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இரத்தம் சற்று நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. அட்டையைக் கடிக்கவிட்டு இரத்தம் எடுக்கும் அட்டைவிடல் வைத்தியத்துக்கு வைத்தியர்கள் எடுப்பது நன்னீர் அட்டையை. தரையில் ஊரும் இது வேறு இனம். கடித்ததை இலவச வைத்தியம் என்று விட்டுவைக்க வேண்டாம்.

நடை முடிந்ததும் கொலகந்த எனும் இலைக்கஞ்சி கொடுப்பது நல்ல வழக்கம், ஆனால் பெரும்பாலும் கெடுத்தே கொடுக்கிறார்கள். எட்டுப் பேருக்கு 200 கிராம் சிவப்புப் பச்சையரிசியை நாலு பல் உள்ளியோடு இரண்டரை லீற்றர் தண்ணீரில் குழைய விட்டு, ஒரு தேங்காயின் பாலை ஊற்றுங்கள். இரண்டு கட்டு வல்லாரையின் சாற்றை அடுப்பை அணைக்கும் தறுவாயில்தான் விட வேண்டும். கொதித்தால் பச்சை நிறம் பழுப்பாகி வாசமும் போய்விடும். வாய்க்கால் ஓரத்து வல்லாரையைப் பிடுங்காதீர்கள், கொழும்பு வாய்க்கால்களில் கழிவுநீர் கலக்கிறது. கித்துள் கருப்பட்டியைக் கரைத்துவிடாமல், கடித்துக்கொள்ளத் துண்டாகக் கொடுங்கள்.