யோசிக்கும் முன்னே கை முந்தும் பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

கோபத்தில் போனைச் சுவரில் எறிந்துவிட்டு, அடுத்த நிமிடமே அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்கும் பிள்ளையிடம் "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று சொல்லிக் காட்டாதீர்கள். புத்தியில் ஒரு குறையும் இல்லை. செய்தது தப்பு என்று பிள்ளைக்கே தெரியும், தெரிந்தது அந்த நொடியில் கைகொடுக்காமல் போவதுதான் ஏடிஹெச்டியில் (கவனம் நிலைக்காமல், யோசிக்காமல் அவசரப்படவைக்கும் மூளை வளர்ச்சிக் குறைபாட்டில்) சிக்கல். அவசரத்துக்குத் தடை போடும் முன்மூளைப் பகுதி யாருக்குமே 25 வயதை ஒட்டித்தான் முழுதாக முதிர்கிறது.

அதனால் அறிவுரையைக் குறைத்து, அந்த நொடிக்கு முன்கூட்டியே தயார் செய்யுங்கள். "யாராவது சீண்டினால், கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெளியே போவேன்" என்பது போல ஒரே ஒரு திட்டம் போதும், ஆனால் அதைப் பிள்ளையே சொல்ல வேண்டும், மனம் அமைதியாக இருக்கும்போது நீங்கள் சீண்டுவது போல நடித்து நிஜமாகவே எழுந்து போய்ப் பழக வேண்டும். ஆன்லைனில் கண்டதையும் வாங்குகிற பிள்ளையா? போனில் சேமித்த கார்டு விவரத்தை அழித்துவிடுங்கள். பாராட்டை உடனே சொல்லுங்கள்: "கோபம் வந்தும் கதவை அறையாமல் போனாய், கவனித்தேன்." மாதக் கடைசியில் கிடைக்கும் பரிசு இவர்களுக்கு ரொம்பத் தூரம்.

தூக்கம் கெட்டால் எல்லாமே மோசமாகும். ஏடிஹெச்டிக்குச் சாப்பிடும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

இன்னொன்று. ஏடிஹெச்டி சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்படியில்லாமல், நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று நாள் கணக்கில் தூங்காமலே துறுதுறுவென்று இருந்து, தலைகால் புரியாமல் பேசி, பணத்தை வாரி இறைத்தால் அது இருமுனைக் கோளாறாக (மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறும் நோயாக) இருக்கலாம், தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் போங்கள்.

மனச்சோர்வும் அவசரமும் சேர்ந்திருந்தால்தான் எனக்கு உண்மையாகவே பயம். தற்கொலை எண்ணம் தோன்றுவதற்கும் முயற்சிக்கும் இடையே சிலருக்குச் சில நிமிடங்களே இருக்கும், அந்த அலை தணியும் வரை கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள், ஒளித்து மறைத்து அல்ல, "உன் மேல் சந்தேகம் இல்லை, அந்த நேரத்தின் மேல்தான் பயம்" என்று சொல்லிவிட்டே பூட்டுங்கள். மனச்சோர்வு மாத்திரை புதிதாகத் தொடங்கிய முதல் சில வாரங்கள் இன்னும் கவனமாகப் பாருங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.