தாமான் தொண்டுக் குழுவை விருதுக்கு முன்மொழிவது எப்படி?

தைப்பூசத்தில் கண்விழித்துத் தண்ணீர்ப் பந்தல் நடத்துபவர்கள், பிளாட் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை தோறும் இலவச டியூஷன் சொல்லித் தருபவர்கள், மரண வீட்டுக்குக் கூடாரமும் நாற்காலியும் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள். தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், இப்படிப்பட்ட குழுக்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நிறைய உண்டு. விருதுப் பட்டியலில் இவர்கள் பெயர் தானாக ஏறாது. யாராவது உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதத் தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: குழுவையா, ஆளையா? மாமன்னர் வழங்கும் ஏ.எம்.என். (அஹ்லி மாங்கு நெகாரா), பி.பி.என். (பிங்காட் பங்குவான் நெகாரா), பினாங்கு ஆளுநர் வழங்கும் பி.ஜே.கே. (பிங்காட் ஜாசா கெபாக்தியான்), பி.ஜே.எம். (பிங்காட் ஜாசா மஷாராகாட்) எல்லாம் ஒருவர் நெஞ்சில் குத்தப்படும் விருதுகள். சங்கத்தின் பெயரில் அவை வருவதில்லை. குழுவுக்கே கிடைக்கக்கூடியது மெர்டேக்கா விருது. 2007-இல் பெட்ரோனாஸ், ஷெல், எக்ஸான்மோபில் மூன்றும் சேர்ந்து தொடங்கிய அந்த விருதை, பெலும்-தெமெங்கோர் காட்டைக் காக்கப் பாடுபட்டதற்காக மலேசிய இயற்கைச் சங்கம் 2008-இல் பெற்றது. அதன் அளவுகோல் நாடு தழுவியது. ஒரு தாமானுக்குள் நடக்கும் பணிக்கு, அங்கே நெடுநாள் உழைத்த ஒருவரை முன்மொழிவதே பொருத்தம். அந்த ஒருவர் தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பதினைந்து ஆண்டாக விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு பற்றவைக்கும் அக்காவின் பெயர்தான் பல குழுக்களில் சரியான பெயர். அவரிடம் முதலிலேயே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். காவல் துறை, ஊழல் தடுப்பு ஆணையம் ஆகியவற்றின் பின்னணிச் சோதனை நடக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து குழுவின் தாள்கள். 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி ஏழு பேருக்கு மேற்பட்ட அமைப்பும், ஏழு பேரே கொண்ட அமைப்பும் சங்கம்தான், பதிவு வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு அறிக்கை விடுபட்டுப்போன சங்கத்தின் பெயரால் முன்மொழிந்தால், அதிகாரி முதலில் பார்ப்பது அந்த ஓட்டையைத்தான். ஆகவே பதிவுச் சான்றிதழ், கடைசி மூன்று ஆண்டு அறிக்கை, கணக்கு ஆகியவற்றை முதல் நாளே ஒரு கோப்பில் சேருங்கள்.

விண்ணப்பத்தின் உயிர் எண்ணிக்கையில் இருக்கிறது. பலரும் வழுக்கி விழும் இடமும் அதுதான். 40 பிள்ளைகள், ஆண்டுக்கு 45 சனிக்கிழமை வந்தால் அது 1,800 வருகை. 1,800 மாணவர்கள் பயனடைந்தனர் என்று எழுதினால் பொய்யாகிவிடும், வருகைப் பதிவேட்டைக் கேட்டால் உடனே உடையும். 12 தொண்டர்கள் வாரம் 3 மணி நேரம் வந்தால், 45 வாரத்துக்கு 1,620 மணி நேரம். இதை அப்படியே கணக்கு தெரியும்படி எழுதுங்கள். ரத்த தானமென்றால் வந்தவர் எத்தனை, பைகள் எத்தனை என்று பிரித்துக் காட்டுங்கள். கோலாலம்பூரில் தேசிய ரத்த மையம், பினாங்கில் மருத்துவமனை பதிவு செய்த எண்ணே செல்லும்.

“சமுதாயத்துக்கு அளப்பரிய சேவை ஆற்றியவர்” என்ற வாக்கியம் எதையும் சொல்வதில்லை. அதை நீக்கிவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: “2012 முதல் சனிக்கிழமை தோறும், சம்பளம் இல்லாமல், நான்காம் படிவ மாணவருக்குக் கணிதம் சொல்லித் தருகிறார். வகுப்பில் இப்போது 22 பேர். முன்னாள் மாணவர் மூவர் இன்று அதே வகுப்பில் தொண்டர்கள்.” படிப்பவருக்கு ஓர் ஆள் கண்ணில் தெரிவார். அரசுப் படிவம் என்பதால் மலாய் மொழியில் எழுதுங்கள். தமிழில் சிந்தித்ததை வார்த்தைக்கு வார்த்தை மாற்றாமல், மலாய் நன்றாக எழுதும் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். தமிழ்ப் பத்திரிகைத் துண்டுகளை இணைத்தால் ஒவ்வொன்றின் கீழும் மலாயில் இரண்டு வரி, தேதி, பத்திரிகைப் பெயர் வேண்டும். 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்றவற்றின் பழைய செய்திகளுக்கு, ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

ஆதரவுக் கடிதம் மூன்று போதும். குடும்பத்தார், செயற்குழுவினர் வேண்டாம். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், மருத்துவமனைச் சமூகநல அதிகாரி, ரூக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் காவல் அமைப்பு) தலைவர் போன்ற வெளியாட்கள் எழுதட்டும். நீங்களே வாசகத்தை எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்காதீர்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் மூன்றுமே வீண். கேள்விகளை மட்டும் கொடுங்கள்: எப்போது முதல் தெரியும், நேரில் என்ன பார்த்தீர்கள், இந்தக் குழு இல்லாவிட்டால் என்ன நின்றுபோகும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் மிக வலுவான பத்தியாக அமையும்.

புகைப்படம் ஆறு வைத்தால் போதும். அரசியல்வாதி மாலை வாங்கும் படம் வேண்டாம். தொண்டர் வேலை செய்யும் படம், தேதி, இடத்தோடு. பிள்ளைகள் முகம் தெரிந்தால் பெற்றோர் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும்.

பெயரைச் சரிபார்ப்பது சின்ன வேலையாகத் தோன்றும், ஆனால் கோப்பு திரும்பி வருவது இங்கேதான். பழைய சான்றிதழில் எஸ்/ஓ, மைகார்டில் (அடையாள அட்டையில்) ஏ/எல் (இரண்டுமே ‘இன்னாரின் மகன்’ என்பதுதான்), சங்கக் கடிதத்தில் முதல் எழுத்து மட்டும் என்று மூன்று விதம் இருக்கும். எல்லாவற்றிலும் மைகார்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

விருதுப் பட்டியல் பிறந்தநாளையொட்டி வெளியாகும்: மாமன்னரின் அதிகாரப்பூர்வப் பிறந்தநாள் ஜூன் முதல் திங்கள், பினாங்கு ஆளுநருடையது ஜூலை இரண்டாம் சனி. அதிலிருந்து பின்னோக்கி எண்ணி ஓராண்டுக்கு முன்பே தொடங்குங்கள். படிவத்தை மாவட்ட அலுவலகத்திலோ, பணியோடு தொடர்புள்ள அரசுத் துறையிலோ கேட்டு வாங்கி, அவர்கள் வழியாகவே கொடுங்கள்.

இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. “பத்தாயிரம் ரிங்கிட் கொடுங்கள், டத்தோ பட்டம் வாங்கித் தருகிறேன்” என்று யாராவது வந்தால் அது மோசடி. விருது தொடர்பான குற்றங்களுக்கென்றே 2017-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுப் போலீசில் புகார் கொடுங்கள்.

கொடுத்த நாளன்று பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் பிரதியில் வாங்கி வையுங்கள். இந்த ஆண்டு வராவிட்டாலும் கோப்பைக் கலைக்காதீர்கள். அடுத்த ஆண்டின் வருகைப் பதிவையும் கணக்கையும் சேர்த்துவிட்டு, கடிதங்களை மட்டும் புதிய தேதியில் கேட்டு வாங்கி மீண்டும் கொடுங்கள்.