மேஃப்ளவர் காலத்துக் குடும்ப மரம் போடுவது எப்படி? ஜான் ஹவ்லண்டை வைத்துப் பழகுங்கள்

வம்சாவளி தேடப் புதிதாக வருகிறவர்களுக்கு ஜான் ஹவ்லண்டைத்தான் சிபாரிசு செய்வேன். 1620-ல் மேஃப்ளவர் கப்பலில், ஜான் கார்வர் என்பவரின் பணியாளாக அமெரிக்கா போனவர். நடுக்கடல் புயலில் தவறி விழுந்தவர், கப்பலிலிருந்து தொங்கிய பாய்க்கயிறு கைக்கு அகப்பட்டதால் பிழைத்தார். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், புஷ் அப்பா, பிள்ளை என மூன்று ஜனாதிபதிகள் இவர் வழியில் வந்தவர்கள். ஆவணங்களும் நிறையவே மிஞ்சியிருக்கின்றன.

படி 1: ஒரு குடும்பத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆதாரம் எழுத இடம் விடுங்கள். ஆதாரம் கிடைக்கும்வரை பெயர் பென்சிலிலேயே இருக்கட்டும்.

படி 2: ஊர்ப் பட்டியல்களைப் பாருங்கள். 1627 மே மாதம், மேஃப்ளவரில் வந்தவர்கள் குடியேறிய பிளிமத்தில் மாடுகளைப் பங்கு பிரித்தார்கள். பங்குக்கு 13 பேர், மொத்தம் 12 பங்கு. நாலாவது பங்கில் ஹவ்லண்ட், மனைவி எலிசபெத், பிள்ளைகள் ஜான், டிசயர். இவர்கள் பங்குக்கு வந்த ஒரு கிடாரியின் பெயர்கூட (ராக்ஹார்ன்) எழுதியிருக்கிறது! நமக்கு வேண்டியது வேறு: 1627 மே மாதத்துக்குள் இரண்டு பிள்ளைகள் பிறந்தாயிற்று.

படி 3: உயிலைப் படியுங்கள். பெண்கள் எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டார்கள் என்பது இங்கேதான் தெரியும். 1672-ல் ஹவ்லண்ட் எழுதிய உயிலில் மகள்கள் ஆளுக்கு இருபது ஷில்லிங். டிசயர் கோரம், ஹோப் சிப்மன் என்று புகுந்த வீட்டுப் பெயரோடு வரிசையாக வருகிறார்கள்.

படி 4: மனைவியின் பிறந்த வீடு. பலரும் சறுக்குவது இங்கேதான். எலிசபெத், ஜான் கார்வருடைய மகள் என்று குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லறைக் கல்லிலும் அதையே வெட்டிவிட்டார்கள். ஆளுநர் பிராட்ஃபோர்ட் கைப்பட எழுதிய பிளிமத் வரலாறு காணாமல் போய், 1855-ல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் கிடைத்தது. அதிலுள்ள பயணிகள் பட்டியலில், ஹவ்லண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகளை என்று இருக்கிறது. பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோ தேவாலயத்தில் அவளுடைய 1607-ஆம் வருட ஞானஸ்நானப் பதிவும் உண்டு. முதல் குளிர்காலத்திலேயே தாய், தகப்பன் இருவரையும் இழந்த பெண் அவள். கல்லில் வெட்டியதே தப்பாகப் போகும்போது, யாரோ இணையத்தில் ஏற்றிய மரத்தை அப்படியே நகலெடுக்கலாமா?

படி 5: தேதி. 1752 வரை ஆங்கிலேயருக்குப் புது வருடம் மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஹவ்லண்ட் இறந்த பிப்ரவரியை 1672/3 (பழைய கணக்கில் 1672, இப்போதைய கணக்கில் 1673) என்று எழுதுவது அதனால்தான். இரண்டு எண்களையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: இனி கீழே இறங்கலாம். முதல் ஐந்து தலைமுறைகளை மேஃப்ளவர் வம்சாவளிச் சங்கம் ஆராய்ந்து புத்தகங்களாகப் போட்டிருக்கிறது. நம் காலத்துப் பக்கமிருந்து தேடினால் அமெரிக்காவின் 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைகொடுக்கும். அதற்கு முந்தையவற்றில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். இடைப்பட்ட காலம்தான் பாடாய்ப் படுத்தும். நிலப் பத்திரம், உயில், ஊர்ப் பிறப்புப் பதிவு என்று ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டும்.

ஹவ்லண்ட் என்ற குடும்பப் பெயரைக் கண்டதும் துள்ளவேண்டாம். ஜானின் சகோதரர்கள் ஆர்தர், ஹென்றி இருவரும் பிற்பாடு வேறு கப்பலில் வந்து குடியேறினார்கள். நீங்கள் பிடித்த கிளை அவர்களுடையதாகவும் இருக்கலாம்.