டெர்மினலின் வேகத்தை கேட் கட்டளையால் அளக்காதீர்கள்

எந்த டெர்மினல் (கட்டளைகளை டைப் அடித்து ஓட்டும் ஜன்னல்) வேகமானது என்று பார்க்கப் பலரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: பெரிய லாக் ஃபைல் ஒன்றை எடுத்து, ஃபைலை அப்படியே திரையில் கொட்டும் கேட் (cat) கட்டளைக்கு முன்னால், நேரத்தை அளக்கும் டைம் (time) போட்டு ஓட்டி, எத்தனை விநாடி என்று பார்ப்பது. இதில் தெரிவது டெர்மினல் அந்த எழுத்துகளை எவ்வளவு வேகமாக விழுங்கியது என்பது மட்டும்தான். 60 ஹெர்ட்ஸ் திரை சுமார் 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் மாறும், அந்த இடைவெளியில் ஆயிரம் வரி ஓடியிருந்தாலும் டெர்மினல் கடைசி நிலையை மட்டும் வரைந்துவிட்டுப் போகலாம், அது தப்பும் இல்லை. அப்புறம், கேட் முடிந்தது என்றால் கடைசி எழுத்தை இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம், திரையில் வந்துவிட்டது என்றல்ல.

நாம் நாள் முழுக்கச் செய்வது டைப் அடிப்பது. கீயை அழுத்தியதிலிருந்து எழுத்து தெரியும் வரை ஆகும் தாமதம்தான் கைக்கு உறைக்கும், அதை கேட் சோதனை தொடுவதே இல்லை. லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில் உள்ள க்னோம் டெர்மினலின் அடியில் இருக்கும் விடிஇ (VTE) என்ற லைப்ரரி, 2024-ல் க்னோம் 46 வரும் வரை, விநாடிக்கு 40 முறைக்கு மேல் வரையாமல் இருந்தது. அந்தக் கட்டுப்பாடு போனதும் டைப் அடிக்கும்போது தாமதம் நன்றாகக் குறைந்தது. அலாக்ரிட்டி என்ற டெர்மினலை உருவாக்கும் குழுவின் விடிஇபெஞ்ச் கருவியும் டெர்மினல் உள்ளே வாங்கும் வேகத்தைத்தான் அளக்கிறது என்று அதன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள், அதைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு சண்டை போடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

கட்டளைகளின் நேரத்தை அளக்கும் ஹைப்பர்ஃபைன் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அது வழக்கமாகக் கட்டளையின் வெளியீட்டை வருவதையெல்லாம் தூக்கி எறியும் நல் (null) சாதனத்துக்கு அனுப்பிவிடும், அதனால் டெர்மினலுக்கு ஒரு எழுத்துகூடப் போகாது. வெளியீட்டைக் காட்டச் சொல்லித் தனியாகக் கேட்டால்தான் அந்த எண்ணுக்கு ஏதாவது மதிப்பு உண்டு.

ஒரே டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தரும் டிமக்ஸுக்குள் (tmux) ஓட்டினால் நீங்கள் அளப்பது டிமக்ஸைத்தான். ஜன்னல் அளவு, எழுத்துரு, ஸ்க்ரோல்பேக் (மேலே போன பழைய வரிகளை எத்தனை வைத்திருக்கும் என்பது) மூன்றும் எல்லா டெர்மினலிலும் ஒன்றாக இருக்கட்டும், லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் டிஸ்கிலிருந்து ஃபைலைப் படிக்கும் நேரமும் கலந்திருக்கும்.

தாமதத்தை அளக்க டைப்போமீட்டர் என்ற மென்பொருள் இருக்கிறது, ஆனால் அது மென்பொருள் பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். முழுத் தாமதமும் வேண்டுமென்றால் போனில் விநாடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் வைத்து விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி எடுங்கள், ஒரு பிரேம் சுமார் 4 மில்லிவிநாடி, கீ இறங்கியதிலிருந்து எழுத்து வரும் வரை எண்ணுங்கள். இதில் கீபோர்டு, மானிட்டர் தாமதமும் சேர்ந்தே வரும் என்பதால் அதே கீபோர்டு, அதே மானிட்டரில் எடுத்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். 20 தடவையாவது எடுங்கள், சராசரியோடு நிற்காமல் மிக மோசமான எண்ணையும் குறித்துவையுங்கள், டைப் அடிக்கும்போது திக்குவது அங்கேதான் தெரியும்.