பனிக்கடலுக்குப் போகிற ஊர்க்காரருக்கு

போன கிழமை ஒன்றுவிட்ட தம்பி அளம்பிலில் இருந்து வந்தான். கதிரையில் சரியாக இருக்கவும் இல்லை, "அண்ணை, அங்கை குளிருக்கு என்னத்தைக் கொண்டுபோறது?" என்று கேட்டான். அவனுடைய மகளும் நோர்வேயில்தான். வருகிற ஜூலையில் தாய் தகப்பனைக் கூப்பிட்டு, நாங்கள் போன மாதிரியே ஒரு சின்னக் கப்பலில் பனிக்கடலுக்குக் கூட்டிப்போகப் போகிறாளாம். குளிர் கிடக்கட்டும், முதலில் விசாவைச் சொல்லு என்றேன். அவனுக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் 35 வருடம் முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்தவன். கடல் தெரியும் என்ற நினைப்போடு போனேன். அந்த நினைப்பில் பாதிதான் அங்கே உதவியது.

சரி, விசா. நாங்கள் போனது ஸ்வால்பார்ட். நோர்வேக்கும் வடக்கே, வடதுருவத்துக்கு ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் இந்தப் பக்கம் இருக்கிற தீவுக்கூட்டம். 1920 இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி நோர்வேயின் ஆட்சிதான், ஆனால் ஒரே விசாவோடு போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் எல்லைக்குள் அது வராது. அங்கே இறங்க விசா கேட்கமாட்டார்கள். சிக்கல் வழியில் இருக்கிறது. நாங்கள் ஒஸ்லோவுக்குள்ளால்தான் போகவேண்டும். ஒஸ்லோவில் இருந்து அங்கே பிளேன் ஏறினால் ஷெங்கனை விட்டு வெளியேறின கணக்கு. திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ஒரு தடவை மட்டும் நுழையலாம் என்று தந்த விசாவோடு போனவர் திரும்பி மகள் வீட்டுக்கு வர முடியாது. ஆகவே விண்ணப்பிக்கும்போதே இரண்டு தடவை அல்லது பல தடவை நுழைகிற விசா கேளுங்கள், கப்பல் பதிவுத் தாளையும் கூட வையுங்கள். மகள் நிரப்பின படிவத்தில் எங்களுக்கு ஒரு தடவை என்றே இருந்தது. மருமகன்தான் கண்டுபிடித்துத் திருத்தினார். அவரில் எனக்கு மரியாதை கூடின நாள் அது.

அதோடு காப்புறுதி. லாங்இயர்பியென் என்கிற அந்த ஊரில் இருப்பது சின்ன ஆஸ்பத்திரி. பெரிய வருத்தம் என்றால் பிளேனில் நோர்வேயின் ட்ரொம்சோ நகருக்கு ஏற்றுவார்கள். அந்தச் செலவையும் ஏற்கிற காப்புறுதியாக இருக்கவேண்டும். பிரஷர், சீனி வருத்தக் குளிசைகளை இரண்டு பங்காக எடுத்து, ஒரு பங்கைக் கைப்பையில் வையுங்கள்.

கப்பலைப் பிள்ளைகள்தான் தெரிவுசெய்வார்கள். என்றாலும் சில கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை பயணிகள்? எத்தனை இறப்பர் படகுகள்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை கப்பலை விட்டு இறக்குவார்கள்? 2025 ஜனவரி 1 முதல் அங்கே சட்டம் இறுகிவிட்டது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றின கப்பல் போகக்கூடாது, அங்கே கரையிறங்குவதும் குறித்த இடங்களில் மட்டும். எங்கள் கப்பலில் நூறு பேர்கூட இல்லை, ஒரு நாளைக்கு இரண்டு தடவை இறங்கினோம். பல்கனி வைத்த அறைக்குக் காசு கொட்டாதீர்கள், அறையில் நீங்கள் இருக்கப்போவதே இல்லை. கீழ்த்தட்டில், கப்பலின் நடுவாகக் கேளுங்கள், ஆட்டம் குறைவு. ஒருத்தருக்கான ரிக்கெற் காசில் இங்கே ஒரு புதுப் படகும் இஞ்சினும் வாங்கலாம். அதை எனக்கு மகள் திரும்பி வந்த பிறகுதான் சொன்னாள். அதுவும் நல்லதுக்குத்தான்.

இனி உடுப்பு. பருத்தி வேண்டாம். நான் முதல் நாள் உள்ளுக்கு வழக்கமான பெனியனைப் போட்டுக்கொண்டு ஒரு மேட்டில் ஏறினேன். வேர்த்தது. மேலே நின்று காற்றுப் பட்டதும் அந்த ஈரப் பெனியன் முதுகில் ஐஸ் தகடு மாதிரி ஒட்டிக்கொண்டது. ஜூலையில் அங்கே குளிர் 3 இலிருந்து 7 பாகை வரைதான். நுவரெலியாவில் மார்கழி விடியலில் நின்றவருக்குப் பெரிய புதினமில்லை. ஓடுகிற படகில் முகத்துக்கு நேரே வருகிற காற்றுத்தான் ஆளை வருத்தும். தோலோடு ஒட்டக் கம்பளிப் பெனியனும் கம்பளி நீளக் களிசானும். அதற்கு மேல் ஒரு தடித்த சுவெட்டர். எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தண்ணியும் புகாத ஜக்கெற், களிசான். கைக்கு இரண்டு சோடி: மெல்லியது உள்ளே, தடித்தது வெளியே. முழங்கால் வரை வருகிற இறப்பர் பூட்ஸைப் பல கப்பல்களில் அவர்களே தருவார்கள், கால் அளவை முன்கூட்டியே எழுதி அனுப்பவேண்டும். மழைக் களிசானைப் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் அலைத் தண்ணி நேரே பூட்ஸுக்குள் இறங்கும். கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம், பனியில் பட்டு வருகிற வெயில் கண்ணைக் கூசவைக்கும். தூரக்கண்ணாடி வாங்கினால் எட்டு மடங்கு போதும். பத்து, பன்னிரண்டு என்று கூடினால் ஆடுகிற படகில் படமும் சேர்ந்து ஆடும்.

கடற்சுகவீனம் எனக்கு வராது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு ஏறினவன் நான். இரண்டாம் நாள், குடாவை விட்டு வெளிக்கடலுக்கு வந்த இரவு, சத்தி எடுத்தேன். மனைவி எடுக்கவில்லை. எங்கள் படகு திறந்த படகு. வானும் அலையும் கண்ணுக்கு முன்னால் இருக்கும், அடுத்த அலை எப்போது வரும் என்று உடம்புக்குத் தெரியும். மூடின அறையில் படுத்தால் தெரியாது. வயிறு புரளத் தொடங்கினால் மேல்தட்டுக்குப் போய் அடிவானத்தைப் பாருங்கள். குளிசையைப் புரளத் தொடங்கின பிறகு போட்டுப் பலனில்லை, வெளிக்கடலுக்கு வர முன்னமே போடவேண்டும். அது எப்போது என்பதைக் கப்பலில் அறிவிப்பார்கள்.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. சைவம் என்றால் முன்கூட்டியே எழுதினால் போதும், சோறும் கிடைக்கும். தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்று மட்டும் கொண்டுபோங்கள்.

இப்போது இறப்பர் படகு. சோடியாக் என்று சொல்வார்கள். கப்பல் குடாவுக்குள் நங்கூரம் போட்டதும் பத்துப் பத்துப் பேராக இதில்தான் இறக்குவார்கள். வயது போனவர்கள் பயப்படுவது இந்த ஏணியடிக்குத்தான். வழி இதுதான்: கையில் ஒன்றும் வைத்திருக்காதீர்கள், பை முதுகில். படகில் நிற்பவர் கையை நீட்டுவார், விரலைப் பிடிக்கக்கூடாது. அவர் உங்கள் மணிக்கட்டுக்கு மேலே பிடிப்பார், நீங்களும் அவருடைய மணிக்கட்டுக்கு மேலே பிடிக்கவேண்டும். ஈரமானாலும் அந்தப் பிடி வழுகாது. படகு அலையில் ஏறி வருகிற நேரம் பார்த்து அவர் சொல்வார். ஒரு காலைப் படகின் ஓரத்தில், மறு காலை உள்ளே வைத்து, உடனே இருந்துவிடுங்கள். பிறகு இருந்தபடியே அரக்கி அரக்கி நகரவேண்டும்.

எனக்கு இங்கேதான் ஏச்சு விழுந்தது. கரை தட்டினதும் எங்கள் கள்ளப்பாட்டுக் கரையில் குதிக்கிற மாதிரி படகின் முன்பக்கத்து அணியத்தில் ஏறிக் குதித்துவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இலேசான படகு, நான் உதைத்த உதையில் பின்னுக்குப் போய், எனக்குப் பின்னால் எழும்பின ஒரு அம்மா விழப் பார்த்தா. வழிகாட்டி ஒரு பெண், என் மகளின் வயதுதான் இருக்கும். "இனி நான் சொல்லாமல் எழும்பக்கூடாது" என்றாள். அவள் சொன்னது சரி. ஓரத்தில் இருந்தபடியே முன்னுக்கு வந்து, இரண்டு காலையும் வெளியே போட்டு, முழங்கால் தண்ணிக்குள் மெதுவாக இறங்குங்கள். போக முன்னம் ஒரு மாதம் வீட்டுப் படியில் கைபிடிக்காமல் ஏறி இறங்கிப் பழகினால் முழங்கால் கேட்கும்.

கரையிறங்க முன்னம் பூட்ஸையும் பையின் மடிப்பையும் துலாவிப் பார்ப்பார்கள். வேற்று நாட்டு விதை ஒன்றும் அங்கே விழக்கூடாது. என் பையின் அடியில் இருந்து ஒரு நெல்லை எடுத்துக் காட்டினார்கள். எங்கள் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணியில் விளைந்தது, அங்கே முளைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பனிக்கரடி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு இது இலகுவாக விளங்கும், யானைக் காட்டுப் பாதையில் நடந்தவர்கள் நாங்கள். வழிகாட்டிகள் முதலில் தாங்கள் இறங்கி, தூரக்கண்ணாடியால் மேடு பள்ளம் எல்லாம் பார்த்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். தோளில் துவக்கு, இடுப்பில் வெளிச்சக் குண்டு. நாங்கள் முதலில் யானைவெடியைக் கொளுத்துவதைப் போல அவர்களும் முதலில் சத்தமும் வெளிச்சமும்தான். துவக்கு கடைசி. ஒரு வித்தியாசம் உண்டு. யானை வந்தால் கொப்பு முறிகிற சத்தமாவது கேட்கும். கரடிக்கு அதுவும் இல்லை. அங்கே ஒரு மரமும் இல்லை, முறிய என்ன இருக்கிறது? அதனால் கூட்டத்தை விட்டு ஒரு படம் எடுக்கக்கூடப் பிரியாதீர்கள். கரடியைக் கப்பலில் இருந்து பார்ப்பதற்கும் தூரக் கணக்கு உண்டு: மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீற்றர், மற்ற நாட்களில் 300 மீற்றர். நாங்கள் பார்த்தது வெண்ணெய் நிறத்தில் ஒரு புள்ளி, நடந்தது. அதைப் பார்க்க இரண்டு மணித்தியாலம் நின்றோம். நேரே பக்கத்தில் கரடி வேண்டும் என்கிறவர் தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகலாம்.

கரடியை விட எனக்கு அடி போட்டது ஆலா என்கிற கடற்பறவை. கூடு இருக்கிற இடத்துக்குக் கிட்டப் போனால் தலையைக் குறிவைத்துக் கொத்தும். உயரமாக இருப்பதைத்தான் கொத்தும், ஆகவே ஒரு தடியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு விலகிவிடுங்கள். வருடா வருடம் அங்கிருந்து தென்துருவப் பக்கம் வரை போய்த் திரும்புகிற பறவை அது. விசாவும் இல்லை, காப்புறுதியும் இல்லை.

பனியாறு கடலுக்குள் வந்து முடிகிற இடத்துக்குப் போகும்போது போனையும் கமெராவையும் விட்டு முதலில் காதைக் கொடுங்கள். படகின் இஞ்சினை நிற்பாட்டினார்கள். சுற்றிவரச் சின்னச் சின்னப் பனித்துண்டுகள், எல்லாவற்றிலும் இருந்து தாளிக்கிற கடுகு மாதிரி ஒரு வெடிப்பு. பனிக்குள் காலங்காலமாக அடைபட்ட காற்று, உருகும்போது வெளியே வருகிற சத்தம் என்றாள் அந்த வழிகாட்டிப் பிள்ளை. கண்ணாடி மாதிரி ஒரு துண்டை எடுத்து என் கையில் தந்தாள். நக்கிப் பார்த்தேன். உப்பில்லை. வாழ்நாள் முழுக்கக் கடலில் கிடந்தவன், கடலில் மிதந்த ஒன்றை எடுத்து நல்ல தண்ணியாகச் சப்பினது அன்றைக்குத்தான். பனிச்சுவரின் அடியில் ஓரிடத்தில் தண்ணி மண் நிறமாகப் பொங்கிக்கொண்டிருந்தது, அதற்கு மேலே நூற்றுக்கணக்கில் கடற்பறவைகள். பனிக்கு அடியால் வருகிற ஆறு கடலடியில் இருக்கிற தீனியையும் சேர்த்து மேலே கொண்டுவருகிறது. மாரியில் வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டினால் கொக்கும் நாரையும் கூடுகிற அதே கணக்கு.

சுவர் உடைந்து விழுவதைக் காட்டுவதற்காகக் கிட்டக் கொண்டுபோகச் சொல்லிக் கேட்காதீர்கள். 200 மீற்றருக்கு உள்ளே எங்கள் படகு போகவே இல்லை. விழுவதைக் கண் பார்க்கும், சத்தம் பிறகு வரும், அலை அதற்கும் பிறகு வரும். பக்கத்துக் கரையில் நிற்கிறவர்கள் உடனே மேட்டுக்கு ஏறவேண்டும் என்று அந்தப் பிள்ளை விளக்கத் தொடங்கினாள். 2004 மார்கழி 26 இல் முல்லைத்தீவில் நின்றவனுக்கு இதை இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை. நான் முதலே மேட்டைப் பார்த்து வைத்திருந்தேன்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பனி உள்ளுக்குள் பிளக்கிற சத்தம் இரவிலும் கேட்கும். முதல் ஒரு வெடி, பிறகு நீளமாக உருள்கிற முழக்கம். மனைவி படுக்கையில் எழும்பி இருந்து, "இஞ்சாருங்கோ" என்று என் கையைப் பிடித்தாள். ஏன் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எழுதவேண்டியதில்லை. ஜன்னல் சீலையை விலக்கிக் காட்டினேன். வெளியே நல்ல வெயில், இரவு ஒன்றரை மணி. ஏப்ரல் 20 அளவில் இருந்து ஓகஸ்ட் 23 வரை அங்கே சூரியன் மறையாது. விளக்கு வைக்கிற நேரம் என்று ஒன்று வராது. அவள் மணிக்கூட்டைப் பார்த்து ஆறு மணிக்கு வற்றாப்பளை அம்மனை நினைத்துக்கொண்டாள். நித்திரைக்குக் கண்ணைக் கட்ட ஒரு கறுப்புத் துணி கொண்டுபோங்கள்.

நி-ஓலசுண்ட் என்கிற ஆராய்ச்சி ஊருக்குப் போனால் போன், வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் கிட்டப் போக முன்னமே நிற்பாட்டச் சொல்வார்கள், அங்கே இருக்கிற கருவிகளைக் குழப்புமாம். பேரப்பிள்ளைக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். 1926 இல் அமுண்ட்சன் துருவத்துக்குப் பறந்த ஆகாயக் கப்பலைக் கட்டின கம்பம் இன்னும் அங்கே நிற்கிறது. கல், கொம்பு, எலும்பு ஒன்றும் எடுக்கக்கூடாது. 1946 க்கு முந்தின மனிதத் தடயம் எல்லாம், துருப்பிடித்த ஆணியானாலும், சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. லாங்இயர்பியெனில் ஹொட்டேலுக்கும் அருங்காட்சியகத்துக்கும் வாசலில் சப்பாத்தைக் கழற்றவேண்டும். நிலக்கரிச் சுரங்கக் காலத்துப் பழக்கமாம். வெள்ளைக்காரர் தயங்கித் தயங்கிக் குனிய, நாங்கள் இரண்டு பேரும் முதல் ஆட்களாக உள்ளே போனோம்.

கம்பளிப் பெனியன்கள் என்னிடம் இரண்டு சும்மாதான் கிடக்கின்றன. தம்பி வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். சுடுதண்ணியில் மட்டும் தோய்க்கவேண்டாம், மூன்றாவது ஒன்று அப்படித்தான் சுருங்கி இப்போது பேரனுக்கு அளவாக இருக்கிறது.